இடது கைக்கு ஒரு லைட்டர்

1

இன்று காலை என் மகள் ஷீலா வத்திப்பெட்டி கேட்டாள். இந்த ஊரில் நவம்பர் ஐந்தாம் தேதி தெருவுக்குத் தெரு பெரிதாக நெருப்பு மூட்டி வாணம் விடுவார்கள். அதற்கு என்ன காரணம் என்று வருஷா வருஷம் யாராவது எனக்கு விளக்குகிறார்கள், நானும் வருஷா வருஷம் மறந்துபோகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரமாக உடைந்த நாற்காலி, பழைய கதவு என்று பொறுக்கித் தெருமுனையில் குவித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு வத்திப்பெட்டி கொண்டுபோக வேண்டுமாம்.

“நம்ம வீட்டுல வத்திப்பெட்டி கிடையாது” என்றேன்.

“எல்லார் வீட்டிலும் இருக்கிறது” என்றாள். இதை இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நாலு வயதில் இங்கே வந்தவளுக்கு இப்போது பதினொன்று. அவளிடம் மிச்சமிருக்கும் தமிழை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“ஒரு வருஷமாவே கிடையாது. நீ கவனிக்கலையா?”

கவனிக்கவில்லை. எங்களுடையது மின்சார அடுப்பு. மாதா சுரூபத்துக்கு முன்னால் இருப்பதும் சுவிட்ச் போட்டால் எரிகிற சின்ன பல்புதான். ஏன் கிடையாது என்று கேட்டாள். தாத்தாவால் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பைப் பிடிப்பாரே, அந்தத் தாத்தாவா?” என்றாள். அவளுக்குத் தெரிந்து வேறு தாத்தாவே கிடையாது.

என் அப்பா தீக்காயத்தில் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவருக்கு அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே, இங்கிலாந்தில், இந்த லீட்ஸ் நகரத்தில் நான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு லைட்டர் வாங்கி அனுப்பியிருந்தேன். அந்த லைட்டரில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்று சொல்கிறார்கள். எனக்கு ஆறாது, தெரியும். வெளியூரில் இருந்துகொண்டு வீட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் சந்தில், கடைசிக்கு முந்தின வீடு. கடற்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், உப்பு கட்டி தட்டும், வத்திப்பெட்டி நமுத்துப்போகும்.

அப்பா பூகோள வாத்தியார். இருபது வருஷம் எங்கள் பங்குக் கோயிலில் இருந்த ஐரோப்பியச் சாமியார் ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, கப்பல் ஏறும் அன்று தன் பைப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் தங்கச்சி தன்னைப் பிடிக்க விடமாட்டாள் என்றாராம். அதுவரை சிகரெட்டைக்கூடத் தொடாத அப்பா, கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக் காப்பிக்கு ஒன்று, ராத்திரி ஜெபமாலை முடிந்து ஒன்று. மவுண்ட் ரோடு கடை ஒன்றிலிருந்து புகையிலை டப்பாவில் வரும். அம்மா போன பிறகு அந்த மூன்று வேளைதான் அவருடைய நாள்.

சிகரெட் மாதிரி இல்லை பைப். ஒரு குச்சியில் பற்றாது. முதல் குச்சிக்குப் புகையிலை மேலே உப்பி அணைந்துவிடும். விரலால் அமுக்கிவிட்டு மறுபடியும் பற்ற வைக்க வேண்டும். நடுவில் பேசினால் மறுபடி அணையும், அப்பாவோ பேசாமல் இருக்க மாட்டார். எங்கள் வீட்டு நமுத்த குச்சியில், ஒரு பைப்புக்கு ஆறு ஏழு குச்சியாவது செலவாகும்.

அறுபத்தெட்டில் நான் நர்ஸ் வேலைக்கு இங்கே கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம், அப்பா என்னையும் தங்கை லூர்துவையும் தி.நகருக்குக் கூட்டிப்போனார். அந்தக் கூட்டத்தில் வாயில் பைப்போடு நடந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் விரித்துப்போட்ட பட்டுப் புடவைகளில் அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து, “இது ரெஜிக்கு. அங்க கோயிலுக்குக் கட்டிட்டுப் போகட்டும்” என்றார். ரெஜி என்றால் நான்தான், ரெஜினா.

அந்தப் புடவையை இங்கே நான் ஒரு நாளும் கட்டவில்லை. மழையும் சேறும் பனியும் கோட்டுமாக இருக்கிற ஊரில், பஸ்ஸில் ஏறி இறங்கி அதைப் பாழாக்க மனசு வரவில்லை. பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், புடவை கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன், எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள் என்று எழுதிவிடுவேன். அதைப் படித்து அப்பா சந்தோஷப்படுவார் என்பது எனக்குத் தெரியும்.

3

எழுபத்தொன்றில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. கால் ஓரளவு பிழைத்தது, பேச்சு பிழைத்தது. லூர்து தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து மூடி வைத்துவிட்டு பஸ் பிடித்தாளானால், சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். நடுவில் மீன் விற்கிற முனியம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்து எட்டிப் பார்ப்பாள். மற்றபடி அப்பா தனியாகத்தான் இருப்பார்.

நான் அப்போதே ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலையில் பரீட்சை ஒன்று பாக்கி இருந்தது, வீடு வாங்கியிருந்தோம், என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் ராத்திரி ஷிப்டில் இருந்தார். எல்லாமே உண்மையான காரணங்கள். அவற்றில் ஒன்றுகூட இப்போது எனக்கு உதவுவதில்லை.

சில மாதம் கழித்து லூர்துவின் நீலக் கடிதம் வந்தது. மேலே ‘சேசு மரி சூசை’ என்று போட்டு, நலம் விசாரித்து, பங்குக் கோயில் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்: “அப்பா வத்திப்பெட்டியை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உரசுகிறார். நேற்று குச்சியின் மருந்து தெறித்து வேட்டியில் விழுந்து ஓட்டை போட்டுவிட்டது. பைப்பை விடச் சொன்னால் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன் என்கிறார். அங்கே நல்ல லைட்டர் கிடைக்குமாமே அக்கா.”

நான் வேலை பார்ப்பது வயதானவர்கள் வார்டில். படுக்கையில், போர்வையில், தொடையில் விழுந்த ஒரு பொறி என்ன செய்யும் என்று கையால் கழுவிக் கட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டவள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

4

லைட்டர் வாங்குவது என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் கடையில் கொடுத்ததை வாங்கிவந்து வீட்டில் பார்த்தேன். சுடர் நேராக மேலே போனது. பைப்பின் வாயில் காட்ட வேண்டுமானால் லைட்டரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் கட்டைவிரல் சுட்டது. இரண்டாவது பெட்ரோல் லைட்டர். பெட்ரோல் மெட்ராஸில் எந்த பங்கிலும் கிடைக்குமே என்று வாங்கினேன். இவர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டு, ஸ்டவ்வை முகர்ந்த மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாவது, நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை எரிந்தது.

கடைசியில் ஒரு பழைய கடைத்தெருவில், புகையிலை மட்டுமே விற்கிற சின்னக் கடைக்குள் நுழைந்தேன். கிழவர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சமாளித்தேன்.

“யாருக்கு? கணவருக்கா?” என்றார்.

“அப்பாவுக்கு. மெட்ராஸில் இருக்கிறார்.”

“பைப்புக்கு மர வத்திக்குச்சிதான் முதல் தரம், லைட்டர் இரண்டாம் தரம். என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.”

“அவருக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. இடது கை.”

கிழவர் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். அதற்குப் பிறகு விளையாட்டாகப் பேசவில்லை. உள்ளே போய் ஒரு தட்டு நிறைய லைட்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். பெட்ரோல் வேண்டாம், புகையிலையின் ருசி போய்விடும், கேஸ்தான் வேண்டும் என்றார். சுடர் பக்கவாட்டில் வளைந்து பைப்புக்குள் இறங்க வேண்டும், சீறக் கூடாது, மெதுவாக எரிய வேண்டும் என்றார். மெட்ராஸில் கேஸ் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவேன் என்றேன்.

“எனக்கு இன்னும் ஒன்று வேண்டும்” என்றேன். “முதல் தடவையிலேயே எரிய வேண்டும் என்பது இருக்கட்டும். அவர் கை நழுவினால் அது தானாக அணைய வேண்டும்.”

கிழவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எரிகிறதா என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், அணைகிறதா என்று யாரும் கேட்டதில்லை என்றார். ஒவ்வொன்றாகப் பற்றவைத்துத் தகரத் தட்டில் போட்டுக் காட்டினார். மூடி போட்ட லைட்டர்கள், கீழே விழுந்த பிறகும் எரிந்துகொண்டே கிடந்தன. ஒன்றே ஒன்று, கட்டைவிரல் அமுக்கியிருக்கும் வரைதான் எரிந்தது. விரல் எடுத்தால் அந்தக் கணமே அணைந்தது.

அதை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் வலது கையை உடம்போடு சேர்த்து ஒரு பழைய புடவையால் கட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் இவருடைய பேனாவைக் கவ்விக்கொண்டு, இடது கையால் பற்ற வைத்துப் பார்த்தேன். நாற்பது தடவை, கண்ணைத் திறந்து பாதி, மூடிப் பாதி. ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஷீலா பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதியோடு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு அந்தச் சிநேகிதி எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

மறுநாள் கிழவரிடம் போய், இதுதான் என்றேன். “நல்லது. இந்த மாதிரியில் இதுதான் கடைசி. செய்வதை நிறுத்திவிட்டார்கள்” என்றார்.

5

லைட்டரோடு நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

எப்படிப் பிடிப்பது, எப்படி கேஸ் நிரப்புவது என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி மூன்று பக்கமும் என் பெருமை. பனியில் வழுக்கி விழுந்தது, எத்தனை கடை ஏறினேன், கையைக் கட்டிக்கொண்டு எப்படிப் பரிசோதித்தேன், லீவு நாள் இரண்டு எப்படிப் போயிற்று என்று ஒன்று விடாமல் எழுதினேன். இங்கே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. நேரில் செய்யாததை எல்லாம் பொருளில் ஏற்றி அனுப்புகிறோம், அந்தப் பொருளுக்குப் பட்ட பாட்டையும் கூடவே கட்டி அனுப்புகிறோம். கடைசி வரியாக, “இந்த மாதிரியில் இதுதான் கடைசி ஒன்று, இனி கிடைக்காது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினேன்.

பார்சல் போய்ச் சேர்ந்தது, ஆனால் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். லைட்டருக்கென்று தனி வரி, தனி ஃபாரம் இருக்கிறதாம். லூர்து இரண்டு தடவை ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு அலைந்தாள். மூன்றாவது தடவை, யார் பெயருக்கு வந்ததோ அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பாவை டாக்சியில் ஏற்றிக் கூட்டிப்போனாள். இடது கையால் போட்ட கையெழுத்து அவருடைய பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. அங்கிருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான், “அப்ப ரேகை வச்சிடுங்க பெரியவரே” என்று மை டப்பாவை நகர்த்தினார்.

எத்தனையோ வருஷம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டவர், என் லைட்டருக்காக இடது கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்சியில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாராம்.

6

அதன் பிறகு இரண்டரை வருஷம், வந்த ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும்: “லைட்டர் நன்றாக வேலை செய்கிறது.” சில சமயம் அப்பாவே இடது கையால், பாதி ஆங்கில எழுத்து மாதிரி சாய்த்து, “ரெஜி, உன் லைட்டர் அருமை” என்று எழுதியிருப்பார்.

நான் அந்த வரியை முதலில் தேடுவேன். அதைப் படித்துவிட்டால் மீதிக் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் சாவகாசமாகப் படிக்கலாம். அடையாறு டாக்டர் ஒருவர் இங்கே படித்துவிட்டு ஊர் திரும்பியபோது அவரிடம் கேஸ் டின் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவருடைய அண்ணியிடம் கொடுத்தேன். சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று அவர்கள் காலில் விழாத குறை. எங்கள் வார்டில் கை விழுந்த கிழவர்களுக்குச் சோறு ஊட்டும்போது, என் அப்பா ஒரு கையாலேயே தன் பைப்பைத் தானே பற்ற வைத்துக்கொள்கிறார் என்று சொல்லுவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

7

போன வருஷம் அக்டோபரில் தந்தி வந்தது. தீக்காயம், ஆபத்து என்று ஒன்று. மறுநாள், அடக்கம் முடிந்தது என்று இன்னொன்று.

லீவு கேட்டுப் போனேன். அடக்கம் முடிந்துவிட்டதென்றால் இனி என்ன அவசரம் என்று தலைமை நர்ஸ் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. லீவுத் தாளை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன்.  பாஸ்போர்ட் வேறு காலாவதியாகியிருந்தது. ஃபாரம், போட்டோ, மறுபடியும் ஃபாரம். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அக்டோபர் முடிய மூன்று நாள் இருந்தது.

லூர்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடந்ததை முனியம்மாதான் சொன்னாள். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாலு மணி இருக்கும்மா. நா சந்துல வந்துக்கினு இருந்தேன். மொதல்ல வாசன வந்துச்சி. இன்னாடா, யாரு ஊட்லயோ துணி கருகுதேன்னு பாத்தா, வாத்தியாரு ஊட்டு ஜன்னல்ல பொக. உள்ள ஓடிப்போயி சாக்கப் போட்டு அமுக்கினேன். வேட்டி பூரா புடிச்சிக்கிச்சி. அந்த ஒரு கையால தட்டிக்கினே கீறாரு, அந்தக் கையும் எரியுது.”

“கத்தலையா?”

“கத்தல. ‘லூர்துகிட்ட சொல்லாத, முனிம்மா, பயந்துடும்’னாரு. அத்தத்தான் சொல்லிக்கினே இருந்தாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மழ நாளு. பொட்டி நமுத்துப் பூட்டிருக்கும். கீழ பூரா குச்சி. பத்து பாஞ்சி குச்சி கெடந்துச்சிம்மா.”

“குச்சியா?”

“ஆமா, வத்திக்குச்சி.”

எனக்குப் புரியவில்லை. லைட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும், எனக்கு எழுத வேண்டாம் என்று மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாற்பது தடவை பரிசோதித்தேனே, நாற்பத்தொன்றாவது தடவை பார்த்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

8

சாயங்காலம் லூர்து ஸ்கூலிலிருந்து வந்ததும் கேட்டேன்.

“லைட்டர் எப்ப கெட்டுப்போச்சு?”

“கெட்டுப்போகலையேக்கா.”

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் அம்மாவின் கல்யாணப் புடவை. அதற்குப் பக்கத்தில் என் லைட்டர், வந்த பெட்டியிலேயே, பஞ்சுக்கு நடுவில். இரண்டரை வருஷம் ஆன மாதிரியே இல்லை. கேஸ் டின்களும் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தவிர எதுவும் திறக்கப்படவில்லை. பீரோவுக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் நடுவில் நாலடிகூட இருக்காது.

“ஏன் பூட்டி வச்சே?” என்றேன்.

“அப்பாதான் வைக்கச் சொன்னாரு. தெனம் உரசினா உள்ள இருக்கற பொறிக்கல்லு தேஞ்சுடும், தேஞ்சா ரெஜி பாவம் மறுபடியும் பனியில கடை கடையா அலையணும்னாரு. கிறிஸ்துமஸுக்கு எடுப்போம். ஈஸ்டருக்கு எடுப்போம். சாமியாரு வந்தா எடுத்து, நீங்களே பத்த வச்சுப் பாருங்க ஃபாதர்னு குடுப்பாரு. பெரியவ அனுப்பினதுன்னு அவ்வளவு பெருமை.”

“மத்த நாளு?”

“வத்திப்பெட்டிதான்.”

“நல்லா வேலை செய்யுதுன்னு எழுதினியே லூர்து, ஒவ்வொரு லெட்டர்லயும்.”

“நல்லாத்தானேக்கா வேலை செஞ்சுது” என்றாள். “நான் பொய் எழுதலையே.”

அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் விலகக்கூட இல்லை. தலை பாதி நரைத்திருந்தது, மூன்று வருஷம் அப்பாவைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“நீதானே எழுதியிருந்தே” என்றாள்.

என் நாலு பக்கக் கடிதம். படித்துப் படித்து மடிப்பு கிழிந்து பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. கடைசி வரிக்குக் கீழே, ‘பத்திரமாக’ என்ற வார்த்தைக்கு அடியில், சிவப்புப் பென்சில் கோடு. இடது கையால் போட்டது, நேராக இல்லை.

ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். அந்த பீரோவைப் பூட்டியது லூர்து இல்லை. அவ்வளவு பாடுபட்டேன் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால், கடையில் சும்மா கிடந்தது, வாங்கி அனுப்புகிறேன், போனால் இன்னொன்று அனுப்புகிறேன் என்று இரண்டே வரி எழுதியிருந்தால், அது அவர் சட்டைப் பையில் இருந்திருக்கும். அப்பா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இதை யாரும் மாற்றிச் சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம்.

9

கல்லறைத் திருநாளன்று அரக்குப் புடவையைக் கட்டினேன். அப்பாவுக்காக அதை இங்கிருந்து எடுத்துப் போயிருந்தேன். விரித்தபோது ஆறு வருஷ மடிப்பு அப்படியே தெரிந்தது. கொசுவம் வைக்கும்போது ஒரு மடிப்பில் இற்றுப்போயிருந்த பட்டு நீளமாகக் கிழிந்தது. லூர்து பார்த்தாள். கிறிஸ்துமஸ் தோறும் கட்டிய புடவை இப்படி இருக்காது என்பது தி.நகருக்குத் தினம் போய் வருகிறவளுக்குத் தெரியாதா.  ஊசி நூல் எடுத்து வந்து, நான் நின்றபடியே இருக்க, முட்டி போட்டுக்கொண்டு தைத்துவிட்டாள்.

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், சாமந்தி மாலை, சாம்பிராணிப் புகை, ஈர மண். அப்பாவின் மேட்டுக்கு இன்னும் சிமெண்டு பூசவில்லை. மரச்சிலுவைக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் மெழுகுவத்திகளை நட்டோம். கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் ஒவ்வொரு கல்லறையிலும் குனிந்து நின்று குச்சி உரசுகிறவர்கள். உரச உரச அணைந்தது. மெழுகுவத்தி விற்கிறவள் எங்களைப் பார்த்து, “இன்னாம்மா, வத்திப்பொட்டி ஒண்ணு வாங்கிக்கினு போ, இந்தக் காத்துக்கு ஒண்ணு பத்தாது” என்றாள்.

வத்திப்பெட்டி வேண்டாம் என்று லூர்து கையை ஆட்டினாள். கைப்பையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். பஞ்சை விலக்கி லைட்டரை என்னிடம் கொடுத்தாள்.

“இன்னிக்கு விசேஷ நாளாச்சே. நீயே பத்த வையேக்கா.”

வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையில் வாங்கினேன். குனிந்து கட்டைவிரலை அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே எரிந்தது. சுடர் கிழவர் சொன்னபடி பக்கவாட்டில் வளைந்து, காற்றில் அணையாமல், மெழுகுவத்தித் திரியைத் தேடிப் பிடித்தது. ஒவ்வொன்றாக ஆறு வத்தியும் ஏற்றினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி வத்தி ஏறும்போது என் கை நழுவி லைட்டர் ஈர மண்ணில் விழுந்தது. விழுந்த அந்தக் கணமே அணைந்துவிட்டது.

லூர்து பதறிப்போய் அதை எடுத்தாள். புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள், முந்தானை நுனியைத் திரித்து விரல் அமுக்கும் இடத்து இடுக்கெல்லாம் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்து, மேலே பஞ்சைப் பரப்பி மூடினாள்.

“பத்திரமா இருக்கட்டும்க்கா” என்றாள். “கடைசி ஒண்ணாச்சே.”